எங்கள் வகுப்பின் பிளெக்ஸ்

எங்கள் பன்னிரண்டாம் வகுப்பு ‘பி’ பிரிவில் நாற்பத்தொரு பேர். ஹுமைராவைத் தவிர அதில் ஒருத்தர் முகத்திலும் இனி விழிக்கக் கூடாது என்று இருக்கிறேன்.

திண்டிவனத்தில் எங்கள் பள்ளிக்கு ஒரு வழக்கம் உண்டு. பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரத்தில், படித்து முடித்த பிள்ளைகளே சேர்ந்து பஸ் ஸ்டாண்டு போகிற வழியில் ஒரு பிளெக்ஸ் வைப்பார்கள். எல்லார் முகமும் இருக்கும். முகத்துக்குக் கீழே பெயர், பெயருக்கு முன்னால் ஒரு பட்டம், அதற்கும் கீழே பொழுதுபோக்கு. போன வருடத்து அண்ணன்கள் எல்லாரும் சினிமா போலீஸ் வேஷத்தில் நின்றார்கள். அதற்கு முந்தின வருடம் பட்டு வேட்டி. பெயிலானவன் முகம்கூட அதில் இருக்கும். முகம் இல்லை என்றால் நீ அந்த வகுப்பில் படிக்கவே இல்லை என்று அர்த்தம்.

எங்கள் வருடத்துக்குப் பாகிஸ்தானோடு சண்டை வந்து வாய்த்தது. பரீட்சை முடிந்து எல்லாரும் வீட்டில் சும்மா கிடந்த நேரம் அது. எல்லையில் குண்டு விழ ஆரம்பித்ததும் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அதைவிட அதிகமாக விழுந்தது.

குரூப்புக்கு அட்மின் கோபி. பதினோரு மணிக்கு எழுந்து, அம்மா கொண்டுவந்து நீட்டும் காப்பியைப் படுத்தபடியே குடித்துவிட்டு, “இன்னைக்கு மொத்தமா முடிச்சிடணும்டா, ஒருத்தனையும் உடக்கூடாது” என்று வாய்ஸ் நோட் போடுவான். என்.சி.சி.யில் சேர்ந்த முதல் வாரமே வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்று டாக்டர் சீட்டு வாங்கி வந்து நின்ற வீரன் இவன். ஆரோக்கியராஜின் வேலை வீடியோ அனுப்புவது. விமானம் வெடிக்கும், கட்டடம் சரியும், இவன் கீழே சிரிக்கிற பொம்மை போடுவான். பாஞ்சாலி ஸ்டேட்டஸ் வைப்பாள். செத்துப்போன சிப்பாய்க்கு ஒரு சோகப் பாட்டு, அது முடிந்ததும் அவள் புருவம் திருத்திக்கொண்ட படம். மீதிப் பேருக்கு என்ன பொழுதுபோக்கு என்றால், எதைப் போட்டாலும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவது. மனிதன் சாவதைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டே எப்படி இவர்களால் சோறு தின்ன முடிகிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் விழுப்புரம் பக்கத்தில் காணைக்காரி. பள்ளி விடுதியில் இரண்டு வருடம் ஹுமைராவும் நானும் ஒரே அறை. அவளுக்குக் கோட்டக்குப்பம். அவளுடைய அத்தா அப்துல் வஹாப் ஷார்ஜாவில் ஒரு மளிகைக்கடையில் இருக்கிறார். நர்சிங் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அந்த ஆசைக்காகவே விடுதியில் எல்லாரும் தூங்கின பிறகும் படித்துக்கொண்டிருப்பாள், விளக்கை அணை என்று நான்தான் கத்துவேன்.

அவள் செய்த தப்பு ஒன்றே ஒன்று. ஆரோக்கியராஜ் அனுப்பிய ஒரு வீடியோவுக்குக் கீழே, “டேய், இது கேம்டா. என் தம்பி தினம் இதத்தான் வெளாடிக்கினு கீறான்” என்று எழுதிவிட்டாள். உண்மையிலேயே அது கேம்தான். விமானத்துக்குப் பக்கத்தில், மூலையில், விளையாடுகிறவனுடைய பாயிண்ட்டுகூடத் தெரிந்தது. ஆனால் ஆரோக்கியராஜுக்கு ரோஷம் வந்துவிட்டது. “நம்மாளு ஜெயிச்சா உனக்கு ஏன் எரியுது?” என்றான். கோபி அவளைக் குரூப்பிலிருந்து தூக்கினான். முப்பது கட்டைவிரல் எழும்பியது. “உண்மையச் சொன்னதுக்கா தூக்கற?” என்று நான் கேட்டேன். என் கேள்விக்குக் கீழே அடுத்த வீடியோ வந்து விழுந்தது.

அந்த வாரமே ரிசல்ட் வந்தது. வகுப்பில் முதல் மார்க் ஹுமைரா.

பிளெக்ஸ் வைத்த அன்று விழுப்புரத்தில் பஸ் மாறி திண்டிவனம் போய் இறங்கினேன். பிளெக்ஸில் பின்னால் போர் விமானங்கள், தீ, புகை. முன்னால் நாங்கள் எல்லாரும் ராணுவ உடையில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. ‘கேப்டன்’ கோபி, பொழுதுபோக்கு: நாட்டைக் காப்பது. ‘ஏவுகணை’ ஆரோக்கியராஜ், பொழுதுபோக்கு: எதிரியை அழிப்பது. தடித்தடியான உடம்புகளின்மேல் எங்கள் பரீட்சை போட்டோ முகங்களை ஒட்டியிருந்தார்கள். என் கழுத்து ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம். எண்ணிப் பார்த்தேன், நாற்பது பேர்.

கோபிக்குப் போன் போட்டேன். “ஹுமைரா எங்கடா?”

“அவ போட்டோ அனுப்பல.”

“குரூப்லேர்ந்து தூக்கிட்டு போட்டோ அனுப்பலன்றியே, வெக்கமா இல்ல?”

“இந்த நேரத்துல வேணாம் புனிதா. பாக்கறவங்க ஒரு மாதிரி பேசுவாங்க. நீ ஏன் பேஜாரு பண்ற?”

முதல் மார்க் வாங்கியவள் அந்த வகுப்பில் படிக்கவே இல்லை என்று ஊருக்கே அறிவித்துவிட்டு, இவனுக்கு நான் பேஜாராம்.

மறுநாள் ஒரு கட்சிக்காரர் அந்தப் பிளெக்ஸ் முன்னால் நின்று செல்ஃபி எடுத்து, ‘நம் மண்ணின் இளம் சிங்கங்கள்’ என்று ஃபேஸ்புக்கில் போட்டார். கொஞ்ச நேரத்தில் யாரோ கீழே எழுதினார்கள்: ‘அண்ணே, தோள்ல இருக்கிற கொடியப் பெருசு பண்ணிப் பாருங்க.’ பார்த்தால், நாற்பது பேர் தோளிலும் சின்னதாக, பச்சையில் பிறையும் நட்சத்திரமும். கோபியின் சித்தப்பா விழுப்புரத்தில் பிளெக்ஸ் கடை வைத்திருக்கிறார். அவர் நெட்டில் தேடி, பார்க்க மிடுக்காக இருந்த முதல் ராணுவ உடையை எடுத்துப் போட்டிருக்கிறார். அது பாகிஸ்தான் ராணுவத்தின் உடை. நாட்டைக் காக்கப் புறப்பட்ட எங்கள் வகுப்பு மொத்தமும் எதிரிப் படையில் சேர்ந்து பஸ் ஸ்டாண்டு எதிரில் நின்றுகொண்டிருந்தது.

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு அன்று சாயங்காலம் வரைக்கும்தான். போலீஸ்காரர் வந்து பிளெக்ஸை இறக்கச் சொல்லிவிட்டுப் போன பிறகு கோபி எல்லாக் குரூப்பிலும் ஒரு வாய்ஸ் நோட் போட்டான். “அந்த யூனிபார்ம் படத்த எங்களுக்கு அனுப்பனது எங்க கிளாஸ் பொண்ணுதான். பேர் சொல்ல மாட்டோம். யாருன்னு நீங்களே புரிஞ்சிக்கங்க.” பாஞ்சாலி அழுகிற பொம்மை போட்டாள். “நான் அப்பவே சொன்னேன்” என்றான் ஆரோக்கியராஜ். மீதிப் பேர் கட்டைவிரலைத் தூக்கினார்கள். பிளெக்ஸ் அடித்த அன்று, “சித்தப்பாவே நெட்லேர்ந்து சூப்பரா ஒரு யூனிபார்ம் எடுத்துட்டாரு மச்சான்” என்று இதே கோபி குரூப்பில் போட்ட வாய்ஸ் நோட்டை நாங்கள் நாற்பது பேரும் கேட்டிருந்தோம்.

டி.சி. வாங்கப் போன அன்று ஹெட்மாஸ்டர் அறையில் ஹுமைராவும் அவள் அம்மா அசன் பீவியும் நின்றிருந்தார்கள். நான் வெளியே வராந்தாவில். ஹெட்மாஸ்டர் தேவநாதன் பேசியது தெளிவாகக் கேட்டது.

“தெரியாம அனுப்பிட்டேன்னு ஒரு வரி எழுதிக் குடுத்துடும்மா. ஸ்டேஷன்ல கேக்கறாங்க. பசங்க வாழ்க்கை. நானும் உன் டி.சி.யில நன்னடத்தைன்னு எழுதணும்ல?”

“நான் அனுப்பல சார்” என்றாள் ஹுமைரா.

“எழுதிக் குடுத்துடு கண்ணு” என்றார் அசன் பீவி. “காலேஜ்ல சேரணும். நமக்கு எதுக்கு வம்பு?”

நான் உள்ளே போனேன். யாரையும் கேட்கவில்லை. கோபியின் பழைய வாய்ஸ் நோட்டை அவர் மேஜைமேல் வைத்துப் போட்டேன். “இதுக்கு முன்னாடியே இவள குரூப்லேர்ந்து தூக்கிட்டாங்க சார். எப்பிடி சார் அனுப்புவா? இவ ஒரு வரி எழுதனா, நான் நாலு பக்கம் எழுதி ஸ்டேஷன்ல நேரா குடுப்பேன்” என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், போனைப் பார்த்தார். “சரி சரி, கத்தாத” என்று டி.சி.யில் கையெழுத்துப் போட்டார். கோபியைக் கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவள் அம்மாவிடம் ஒரு வருத்தம் சொல்லவில்லை. அந்த மனிதரிடமா இரண்டு வருடம் எழுந்து நின்று வணக்கம் சொன்னோம் என்று இருந்தது.

அவருக்கு வேறு யோசனை வந்திருந்தது. இரண்டு நாளில் அதே இடத்தில் புதுப் பிளெக்ஸ். மேலே ‘வேற்றுமையில் ஒற்றுமை’. நடுவில், எங்கள் எல்லாரையும்விடப் பெரிதாக, ஹுமைரா. பள்ளி ஆபீசில் இருந்த போட்டோவை எடுத்து, அவளுடைய வெள்ளை முக்காட்டில் மூவர்ணம் பூசியிருந்தார்கள். ‘பாரத மகள்’ ஹுமைரா, பொழுதுபோக்கு: தேசத்தை நேசிப்பது. ஒரு பக்கம் கும்பிட்டபடி ஹெட்மாஸ்டர், மறுபக்கம் பல்லெல்லாம் தெரியக் கோபி.

அவளை யாரும் கேட்கவில்லை. நான் படம் பிடித்து அனுப்பியதும் கோட்டக்குப்பத்திலிருந்து கிளம்பி வந்துவிட்டாள். “என் மூஞ்சி எனக்கு வேணும் புனிதா” என்றாள். பக்கத்து டீக்கடையில் ஸ்டூல் கேட்டு வாங்கினோம். நல்ல பகல் வெளிச்சம், ஜனங்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். அவள் வீட்டிலிருந்தே கொண்டுவந்த பிளேடோடு ஏறினாள்.

எங்கிருந்தோ கோபி ஓடி வந்தான். “ஏய், இன்னா பண்ற? உன்னத்தான நடுவுல வெச்சிருக்கோம்! இனிமே உனக்கு இன்னா கொறை?” அவள் திரும்பவே இல்லை. அவன் போனை எடுத்து உயர்த்தினான். “எல்லாரும் பாத்துக்கங்க. கொடிய வெட்டறா. நம்ம தேசியக் கொடிய வெட்டறா இவ.”

முக்காட்டின் ஓரத்தில் வைத்த பிளேடு அப்படியே நின்றது. டீக்கடையில் இரண்டு பேர் கிளாசை வைத்துவிட்டு எழுந்தார்கள்.

“நீ எறங்கு” என்றேன். “எங்கிட்ட குடு.”

அவள் இறங்கினாள். நான் ஏறினேன். கோபி என்னைப் பார்த்தான், பிறகு போனைக் கீழே இறக்கிவிட்டான். எழுந்தவர்கள் உட்கார்ந்து டீயைக் குடித்தார்கள். அதே மூவர்ண முக்காட்டோடு அவள் முகத்தை வெட்டி எடுத்தேன். அப்புறம் என் முகத்தையும் வெட்டினேன். முடிக்கிற வரைக்கும் அவன் அந்தப் போனை மறுபடி தூக்கவே இல்லை.