வாரத்துக்கு ஒரு படம்

காலை பத்தேகால். சலவைக்கூடத்தின் பெரிய இஸ்திரி உருளையை நிறுத்திவிட்டு எல்லோரும் டீக்கு உட்கார்ந்தார்கள். ஆஸ்பத்திரியின் கீழ்த்தளம் அது. ஜன்னல் கிடையாது. உருளை நின்றாலும் சூடு நிற்காது. அவள் அழுக்கு மூட்டை ஒன்றில் சாய்ந்து, செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, போனைக் காதில் வைத்தாள்.

கணவர் அனுப்பியிருந்த குரல் பதிவு.

"பாத்துட்டேன். பாஸ்தான். அந்தம்மா குரல் இருக்கு பாரு, சண்டை போடும்போதுகூட சத்தம் ஏறல. கடைசில அவன்கூடவே ரயில் ஏறிப் போயிடறா, அதுதான் எனக்குப் பிடிச்சுது. அந்தக் காலத்துல அப்படி முடிக்க தைரியம் வேணும்."

அவள் மறுபடி ஒரு தடவை கேட்டாள்.

அந்தப் பழைய கறுப்பு வெள்ளைப் படத்தை அவள் நேற்றுதான் பார்த்து முடித்திருந்தாள். கதாநாயகி ரயில் ஏறவில்லை. ரயில் போய்விடும், புகை விலகும், அவள் பிளாட்பாரத்தில் நிற்பாள். கையில் அவன் மறந்துவிட்டுப் போன குடை. வசனம் கிடையாது. ரயில் சத்தம் மட்டும் வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருக்கும். மொத்தப் படமும் அந்தக் குடைக்காகத்தான் எடுத்தது போலிருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளுக்கு வாயாடி என்று பெயர். அவளே வைத்துக்கொண்ட பெயர்தான். போனிலிருந்து கசிந்ததையெல்லாம் அவளும் கேட்டிருந்தாள்.

"படம் பாத்தாதான் புருஷன் பேசுவாருன்னா, எங்க வீட்ல நான் தியேட்டரே கட்டணும்" என்றாள்.

கதாநாயகி ரயில் ஏறவே இல்லை என்று அவள் வாயாடியிடம் சொன்னாள். அவர் பாதியில் தூங்கியிருப்பார் என்றும் சொன்னாள்.

"தூங்கினா ரயில் சத்தம் எப்படிக் கேக்கும்? உங்க ஆளு படத்தை ரேடியோ மாதிரி கேட்டிருக்காருக்கா. கண்ண மூடிட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். பிறகு மணி அடித்தது.

அவர் டவுன் பஸ் டிரைவர். மதியம் வண்டி எடுத்தால் இரவு வீடு திரும்பும்போது அவள் தூங்கியிருப்பாள். விடியுமுன் அவள் கிளம்பும்போது அவர் தூங்கிக்கொண்டிருப்பார். கேஸ் தீர்ந்ததா, தண்ணீர் வந்ததா, வெளியூரில் படிக்கும் பையன் பேசினானா. பல வருஷமாக இவ்வளவுதான் பேச்சு. அதனால் அவரே ஒரு ஏற்பாடு செய்தார். வாரத்துக்கு ஒரு படம். ஒரு வாரம் அவள் சொல்லும் புதுப் படம், மறுவாரம் அவர் சொல்லும் பழைய படம். அவரவர் நேரத்தில் பார்த்துவிட்டுத் தீர்ப்பு சொல்ல வேண்டும்: பாஸ், பார்டர், ஃபெயில். காரணம் சொல்லாமல் ஃபெயில் போடக் கூடாது.

அவர் காரணம் சொல்வதில் மன்னன். டைரக்டர் கோட்டைவிட்ட இடமெல்லாம் அவர் கண்ணில் மாட்டும். ஒரு படத்தில் அண்ணன் மழையில் நனைந்து வீட்டுக்குள் நுழைகிறான். நாற்காலியில் உட்காரும்போது சட்டை மொடமொடவென்று இருக்கிறது. 'நடுவுல யாரு இஸ்திரி போட்டது, நீயா?' என்று எழுதி அனுப்பியிருந்தார். அதை அவள் சலவைக்கூடம் முழுக்கக் காட்டினாள்.

அப்போதெல்லாம் எழுதித்தான் அனுப்புவார்.

ஈரப் படுக்கை விரிப்பின் இரு மூலைகளையும் இழுத்துப் பிடித்து உருளைக்குள் விட்டபடியே அவள் யோசித்தாள். எழுதுவதை எப்போது விட்டார்? டைப் அடிக்கச் சோம்பலாக இருக்கிறது என்றார். சரி என்று விட்டுவிட்டாள். போலீஸ் படத்துக்கு என்ன சொன்னார்? வில்லனுக்குத் தொண்டையில் சளி என்றார். விண்வெளிப் படத்துக்கு? காது போச்சு, பார்டர் என்றார். மலையடிவாரத்தில் எடுத்த அந்தப் புதுப் படத்துக்கு ஃபெயில் போட்டார். ஒண்ணுமே நடக்கல என்றார். அதில் ஒருவன் வாய் திறக்காமல் ஒரு பிணத்தைப் புதைக்கிறான். அதற்காக ஒரு வாரம் மாறி மாறிக் குரல் அனுப்பிச் சண்டை போட்டார்கள். அப்போதும் அவர் பிணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுபக்கத்தில் விரிப்பு சுடச்சுட வெளியே வந்தது. கறை இருக்கிறதா என்று விளக்கடியில் பார்த்துத்தான் மடிக்க வேண்டும். அவள் பார்க்காமலே மடித்தாள். வாயாடி அதைப் பிடுங்கி, விரித்து, நடுவிலிருந்த மஞ்சள் கறையைக் காட்டினாள். அதை மறுபடி அழுக்கு மூட்டையில் போட்டாள்.

டிப்போவில் ஒரு பேச்சு உண்டு. அவர்தான் வந்து சொல்லிச் சிரிப்பார். வருஷா வருஷம் டிரைவர்களுக்குக் கண் சோதனை நடக்கும். சுவரில் தொங்கும் எழுத்து அட்டை மட்டும் மாறாது. முதலில் உள்ளே போனவன் வெளியே வந்து வரிசையாக ஒப்பிப்பான், மற்றவர்கள் மனப்பாடம் செய்துகொள்வார்கள். சோதனைக்கு வந்த டாக்டருக்கே அவ்வளவு சுத்தமாகச் சொல்ல வராது என்பார். அவளும் சிரித்திருக்கிறாள்.

போன மாதம் டீயைத் தம்ளருக்கு வெளியே ஊற்றினார். தூக்கக் கலக்கம் என்றார். பஸ்ஸின் பக்கக் கண்ணாடி உடைந்தது. எவனோ ஒரு கழுதை வண்டியை நடுரோட்டில் நிறுத்தியிருந்தான் என்றார். அவளுக்கும் அந்தக் கழுதைமேல்தான் கோபம் வந்தது.

வீட்டுக்குப் போகும்போது கால் கனத்தது. ஒன்றும் தெரியாதது போல இருந்துவிட்டால் என்ன என்று தோன்றியது. பையனுக்கு இன்னும் ஒரு வருஷம் படிப்பு பாக்கி. அவருக்கு ஓய்வு பெற இரண்டு வருஷம். நாமே கேட்டுத் தலையில் இழுத்துப் போட்டுக்கொள்ள வேண்டுமா? பஸ் நிறுத்தத்தில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒருவரையொருவர் ரோட்டுப் பக்கம் தள்ளி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்று மாலை குரல் அனுப்பினாள். பாஸ், குரல் நன்றாக இருந்தது என்று மட்டும் சொன்னாள். ரயிலைப் பற்றிப் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவருக்கும் விடுமுறை. அது எப்போதாவதுதான் அமையும். மதியம் சாப்பிட்டுவிட்டு, இந்த வாரப் படத்தைச் சேர்ந்தே பார்க்கலாம் என்றாள். அவள் முறை, புதுப் படம், காமெடி. அவர் ஏற்பாட்டை நினைவுபடுத்தினார், தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும் என்றார். ஒரு நாள் ஏற்பாட்டை மீறினால் குடி முழுகிவிடாது என்றாள்.

அவர் டிவிக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முகம் நேராக இல்லை. கொஞ்சம் சுவர்ப் பக்கம் சாய்ந்திருந்தது, டிவிக்கு அந்தப் பக்கம் யாரோ நிற்பது போல.

படம் சுமாராகத்தான் இருந்தது. ஒரு வீடு, மூன்று மருமகன்கள், ஒரே குளியலறை. பேச்சு வந்த இடத்தில் இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். பேச்சில்லாமல் ஒருவன் துண்டோடு மாடியிலிருந்து இறங்கி, வாசலில் மாமனாரைப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பி ஏறினான். அவள் சிரித்தாள். அவர் சிரித்தார், ஒரு மூச்சு பிந்தி. அடுத்த தடவையும் அப்படித்தான். வகுப்பில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதுகிற மாதிரி.

படம் முடியும் தறுவாயில் மூத்த மகள் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, தரையில் உட்கார்ந்து அழுதாள். சத்தமில்லாமல். இசைகூட இல்லை.

அவள் சிரித்தாள்.

அவரும் சிரித்தார்.

அவள் படத்தை நிறுத்தினாள். திரையில் அந்தப் பெண் முந்தானையால் வாயைப் பொத்தியபடி உறைந்துபோனாள். தெருவில் யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள். அது கிளம்பவில்லை.

"எதுக்குச் சிரிச்சீங்க?"

"காமெடிப் படம்தானே."

"அவ அழுதுட்டு இருக்கா."

அவர் கையை முழங்காலில் வைத்துக்கொண்டார். ஸ்டியரிங் பிடித்துப் பிடித்து விரல்கள் மடங்கியே இருக்கும் கை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைத்தான் பார்க்கிறாரா என்று அவளுக்கு இப்போது தெரியவில்லை.

எப்போதிருந்து என்று கேட்டாள். மழைக்காலத்துக்கு முன்பிருந்தே என்றார். ஓரமெல்லாம் நன்றாகத் தெரிகிறது, நேர் எதிரேதான் ஒரு அழுக்கு ஒட்டினது மாதிரி இருக்கிறது, துடைத்தால் போகாது என்றார். டாக்டரிடம் போகவில்லை. போனால் எழுதிக் கொடுத்துவிடுவான், எழுதிக் கொடுத்தால் வண்டியை வாங்கிக்கொள்வார்கள் என்றார். பல நாள் சொல்லிப் பார்த்து வைத்த பேச்சு போல, தடுமாறாமல் சொன்னார்.

"ரயிலும் தெரியலையா?"

"சத்தம் கேட்டுது. சேர்ந்து போயிட்டாங்கன்னு நெனச்சேன்."

"அவ போகல. பிளாட்பாரத்துலயே நின்னுட்டா."

"அப்படியா?" என்றார். பிறகு, "அப்ப அது இன்னும் நல்ல படம்" என்றார்.

அவளுக்கு எழுந்து அடுப்படிக்குப் போய்விடலாம் போலிருந்தது. பாத்திரம் கிடந்தது. நாளைக்கு விடியுமுன் எழ வேண்டும். வெந்நீர் வைத்து ஒரு கால் மணி காலை ஊறவைத்தால்கூடப் போதும். அவர் பக்கம் திரும்பாமலே, நாளைக்கு வண்டி எடுக்கிறீர்களா என்று கேட்டாள். எடுக்காமல் என்ன செய்வது என்றார். லீவு போடலாம் என்றாள். எத்தனை நாளைக்கு என்றார்.

அவர் நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார். முகத்தைச் சற்றே சாய்த்து, அவளை ஓரக் கண்ணில் பிடித்துக்கொண்டார்.

"இத பாரு. இருபது வருஷமா அதே ரூட்டு. எங்க மேடு, எங்க பள்ளம், எங்க திருப்பம், எல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ண மூடிட்டே ஓட்டுவேன்."

"ரோடு மனப்பாடம், சரிங்க. ரோட்டுல குறுக்க வர்ற ஆளுங்க?"