மணியின் படத்தைக் காணவில்லை

முப்பத்தைந்து வருடம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கோளாறுகளைப் பிடித்த எசென்குலுக்கு, ஓய்வு பெற்றபின் பிடிக்கக் கோளாறே கிடைக்கவில்லை. வீட்டுக் கணினியில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டார். கணினியைத் திறக்கும்போதெல்லாம் உள்ளே நடந்ததை அது பதிவேட்டில் எழுதிவைக்கும். அதில் 'பிழை' என்று ஒரு வரி கண்டால் போதும், அவருக்குத் தேநீர் இறங்காது. பேன் பார்ப்பதுபோல நானூறு வரிகளை நசுக்கியிருந்தார். அவர் வசித்த ஓஷ் நகரத்தில் என்ன, சீன எல்லை வரைக்கும் அவ்வளவு சுத்தமான பதிவேடு கிடையாது.

மிச்சம் ஒன்றே ஒன்று: 'பிழை: மணியின் படத்தைக் காணவில்லை.' இணையம் வழியே கணினிக்கு அழைப்பு வந்தால் மணியடிக்கிற நிரல் அது. மணி ஊரைக் கூட்டும்படி அடித்தது. திரையில் காட்டவேண்டிய மணிப் படம்தான் இல்லை.

கீழ்வீட்டு முகாஷ் நாற்பது வருடச் சிநேகிதர். மகனைப் பார்க்க நோவோசிபிர்ஸ்க் போயிருந்தார். கிளம்பும்போது அந்த ஊர் வழக்கப்படி ஒரு ரொட்டியைக் கடித்து, மீதியை எசென்குல் வீட்டுச் சுவரில் மாட்டிவிட்டுப் போனார். திரும்பி வந்து அவர்தான் தின்று முடிக்க வேண்டும்.

"வீட்டை வித்துட்டு இங்கயே இருன்னு பையன் அரிப்பான்டா. சனிக்கிழமைக்குள்ள உன்னைக் கூப்பிடுவேன். 'வாடா'ன்னு ஒரு வார்த்தை சொல்லு, அடுத்த விமானத்துல வந்து நிப்பேன்."

"இப்பவே சொல்றேன், போகாதடா."

"இப்ப சொன்னா செல்லாது. டிக்கெட் எடுத்தாச்சு."

புதன்கிழமை, அழைப்புக்குக் காத்திருந்த எசென்குலுக்குக் கை அரித்தது.

"மணிதான் அடிக்குதே, படம் எதுக்கு? அதுக்கு மாப்பிள்ளையா பாக்கப்போறீங்க?" என்றாள் மனைவி சாய்ரா.

"பிழைன்னு எழுதியிருக்கு சாய்ரா. விட முடியுமா?"

ஏதோ ஒரு படத்தை அங்கே வைத்திருந்தால் தீர்ந்தது. ஒட்டுப்போடுவது எசென்குலுக்கு மானக்கேடு. நிரலையே முடக்கினார். பதிவேடு பளிங்காக வந்தது. தரை அதிர ஆடினார். கீழேயிருந்து கூரையைத் தட்டித் திட்ட ஆளில்லை.

வியாழன், வெள்ளி, சனி, மூன்று நாளும் பதிவேட்டைத் திறந்து வைத்து ரசித்தபடி கணினி முன்னாலேயே கிடந்தார். அழைப்பு வரவில்லை.

"மருமக சூப்பு இனிக்குது போல," என்று முறுக்கிக்கொண்டார். ரோஷத்தில் அவரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை இரண்டு பேர் முகாஷின் வீட்டுக்குள் குளிர்பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தார்கள்.

"யார் வீட்டுல யாரு?"

"எங்க வீடுதாங்க பெரியவரே. சனிக்கிழமை சாயங்காலம் கிரயம் முடிஞ்சுது."

எசென்குல் படிகளை மும்மூன்றாகத் தாவி ஏறினார். கணினியில் கூப்பிட்டதும் முகாஷ் உடனே எடுத்தார்.

"பதினோரு தடவை கூப்பிட்டேன்டா. உன் பேர் பக்கத்துல பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டே இருந்துது. ஆள் இருக்கான், எடுக்கல. வேணாங்கறதை வாயால சொல்லக் கூசுறான்னு நினைச்சு, கையெழுத்துப் போட்டுட்டேன்."

"மணி அடிக்கலடா."

"உன் வீட்டுலயா? செத்த லைனுக்கே உசுரு குடுத்தவனாச்சே நீ!"

"நான்தான் நிறுத்தினேன்."

"எதுக்கு?"

"அதுக்குப் படம் இல்ல."

முகாஷ் சிரித்தார். இருமல் வரும்வரை சிரித்தார்.

"ரொட்டி இருக்கா?"

"இருக்கு. கல்லாயிடுச்சு."

"தேநீர்ல நனைச்சு நீயே தின்னுடுடா."

எசென்குல் சுவரைப் பார்த்தார். முகாஷின் முன்பற்கள் பதிந்த இடம் அப்படியே இருந்தது.