நாளைக்கு மாஸ்டர் கட்டிய முன்பணம்

1

இந்தக் கதை என் கோட்டிலிருந்து பிறந்தது, முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எதிர்க் கடைத் தையல்காரரிடம் குளிருக்கு ஒரு கோட்டு தைக்கத் துணியும் முழுக் கூலியும் கொடுத்து இரண்டு குளிர்காலம் போய்விட்டது. எப்போது கேட்டாலும் "நாளைக்கு". தெருவே அவரை நாளைக்கு மாஸ்டர் என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரே 'மாஸ்டர்' மட்டும்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "பனி விலகிய சதுப்பு நிலத்தில் ஆயிரம் கொக்குகள் சிறகை..." நிறுத்திவிட்டேன். நான் எந்தச் சதுப்பு நிலத்தைக் கண்டேன்? எனக்குத் தெரிந்தது என் ஜன்னலும் அவர் கடையும்தான்.

(கொக்குக்குப் பதில் தையல்சிட்டு என்று போட்டால் பொருத்தமாக இருக்குமே என்று கை துறுதுறுத்தது. பொருத்தத்துக்கும் மாஸ்டருக்கும்தான் ஆகாதே! அடித்துவிட்டேன்.)

2

மாஸ்டரின் மனைவிக்குப் பித்தான் தைப்பதும் ஓரம் மடிப்பதும் வேலை. கைபேசியை மிஷின்மேல் சாய்த்து வைத்து, எங்கோ வெளிநாட்டில் கொக்குகள் ஜோடி ஜோடியாக எதிரெதிரே குதித்து ஆடுவதைப் பார்த்தபடியே தைப்பாள். இருபது வருடத்தில் அவள் புருஷனிடம் வாய்விட்டுக் கேட்டது இரண்டே. நேரில் அந்த ஆட்டம் ஒன்று. இன்னொன்று பிறகு.

மாஸ்டர் பதினொரு வருடம் பணம் சேர்த்தார். அந்த ஊரில் பறவை காட்டும் வழிகாட்டிக்கு எழுதினார். பதில் வந்தது: முழுத்தொகையும் முன்கூட்டியே. அப்போதுதான் கொக்குக்குத் தெரியாமல் ஒளிந்து பார்க்கும் மரக்குடிலில் இரண்டு இடம்.

"முழுசா முன்னாடியேவா? காசு கைக்கு வந்தப்புறம் எவனாவது வேலை செய்வானா?"

"நீங்க செய்யலையா?" என்றாள் அவள், நூலைப் பல்லால் கடித்தபடி.

(நான் கோட்டு கேட்கத்தான் வாசலில் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை. சரி, கேட்டேன்.)

3

பணத்தை அனுப்பிய நாளிலிருந்து மாஸ்டருக்கு இருப்புக்கொள்ளவில்லை. "எங்க இடம் உறுதிதானே?" என்று தினமும் எழுதினார். கைபேசி மொழிபெயர்த்துக் கொடுத்த பதில்: "நாளை உறுதியாகத் தெரிவிக்கிறேன்."

"அடப்பாவி! இது நான் சொல்றதாச்சே!"

அன்றைக்கே பரணில் ஏறி, தைக்காமல் கட்டிப்போட்டிருந்த துணிகளில் முதல் மூட்டையை இறக்கினார். ஊர்த் துணியை முடித்தால் அங்கே அவனும் தன் வேலையை முடிப்பான் என்று ஒரு கணக்கு. அவர் சொல்லவில்லை, நானாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளைச் சட்டை வீடு வந்தபோது மாப்பிள்ளைக்கு இரண்டு பிள்ளைகள். பள்ளிச் சீருடை வந்தபோது பையனுக்கு மீசை. ஆனாலும் தெருவில் ஒரே சிரிப்பு. என் கோட்டும் வந்தது, வயிற்றில் பித்தான் சேரவில்லை.

"அளவு சரிதான்க்கா. நீங்கதான் நாள் தவறிட்டீங்க."

"யாரு, நானா?"

4

இவ்வளவு சுலபமாக ஒரு தையல்காரர் திருந்துவாரா? எனக்கே சந்தேகம். பாத்திரத்தை அடித்துத் திரும்ப எழுதலாமா என்று இருந்தபோதுதான் பரணின் அடியிலிருந்து கடைசி மூட்டை இறங்கியது. கிளிப்பச்சைத் துணி. கல்யாணமான புதிதில் மனைவி தனக்கு ஒரு கோட்டு வேண்டும் என்று கொடுத்தது. அதுதான் அந்த இன்னொன்று.

மாஸ்டர் வெகுநேரம் அதைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு, "இங்க வாம்மா, கையத் தூக்கு" என்றார்.

"நாளைக்கா?"

"இன்னைக்கே."

5

புறப்பட்டார்கள். அதுவரை வழிகாட்டியிடமிருந்து உறுதி வரவில்லை.

முடிவு அ: விமான நிலையத்தில் வழிகாட்டி பெயர்ப் பலகையோடு நிற்கிறார். முடிவு ஆ: அங்கே யாருமே...

இதை எழுதும்போது மாஸ்டர் அனுப்பிய படம் ஒன்று என் கைபேசியில் மேலிருந்து கீழாக மெல்ல இறங்குகிறது. சாம்பல் வானம். அதற்குக் கீழே உயர்ந்த ஒரு கை, கிளிப்பச்சை. இன்னொரு கையும் உயர்ந்திருக்கிறது. படம் அதோடு நின்றுவிட்டது.

வராத வழிகாட்டியைக் கூப்பிடுகிற கையா, கொக்குக்கு எதிரே ஆடுகிற கையா? வாசிக்கிற நீங்களோ உங்கள் நேரத்தை முழுசாக முன்பணமாகக் கட்டிவிட்டீர்கள். துணி இதோ. முடிவை நீங்களே வெட்டித் தையுங்கள். கொஞ்சம் தாராளமாகவே வெட்டுங்கள். அவள் ஆட இடம் வேண்டும்.