என் அட்டைக்குத் திறக்காத கதவு

என்ன வேலை பார்க்கிறேன் என்று யாராவது கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வரும். "தடய அறிவியலா? அப்ப பிணத்தையெல்லாம் அறுப்பீங்களா?" என்பார்கள். நான் எதையும் அறுப்பதில்லை. நான்கு ஆய்வகங்களைக் கட்டி மேய்க்கிறேன். ரத்தக்கறை, விஷம், துப்பாக்கிக் குண்டு, கள்ளக் கையெழுத்து என்று ஊரில் நடக்கும் அக்கிரமம் எல்லாம் பொட்டலம் பொட்டலமாக வந்து குவியும். எதை முதலில் பிரிப்பது, இயந்திரம் படுத்துக்கொண்டால் யார் சட்டையைப் பிடிப்பது, பரிசோதகர் நீதிமன்றக் கூண்டில் ஏறினால் வழக்கறிஞரின் மிரட்டலுக்கு மிரளாமல் நிற்பாரா, எல்லாம் என் தலையில். "ரிப்போர்ட் எப்ப வரும்?" என்று போலீஸ் ஒரு பக்கம் உயிரை வாங்கும். "எதுக்கு இவ்வளவு செலவு?" என்று மேலிடம் இன்னொரு பக்கம்.

இதையெல்லாம் கொஞ்சம் கத்தத் தெரிந்த யாரும் செய்துவிடலாம். என் உண்மையான வேலை ஒன்றுதான். ஆய்வகம் சொல்லும் சொல்லை யாரும் வளைக்க முடியாமல் பார்த்துக்கொள்வது. யாரும் என்றால் நானும்தான்.

அதற்காக நானே உட்கார்ந்து விதிகள் எழுதினேன். தரை துடைப்பவர் முதல் நான் வரை, உள்ளே காலெடுத்து வைக்கிற எல்லோரும் கன்னத்தின் உள்பக்கத்தைப் பஞ்சால் தேய்த்து டி.என்.ஏ. கொடுத்துவிட வேண்டும். எங்கள் எச்சிலோ தோலோ தெரியாமல் தடயத்தில் விழுந்துவிட்டால் உடனே பிடிபட வேண்டுமே. இன்னொரு விதி, ஒரு வழக்கு ஊழியரையோ அவர் குடும்பத்தையோ தொட்டால் அந்த ஊழியரின் அட்டைக்கு ஆய்வகக் கதவு திறக்காது. ஏன் என்று அவரிடம் யாரும் மூச்சு விடக் கூடாது. விட்டால் வேலை போகும். அன்றைக்கு எல்லோரும் முணுமுணுத்தார்கள். "எங்களையே திருடன்னு நினைக்கிறீங்களா மேடம்?" என்று ஒருவர் கேட்டேவிட்டார். நினைத்தால் என்ன தப்பு என்று நான் திருப்பிக் கேட்டேன்.

விதிகளைக் காவல் காப்பவர் தர அதிகாரி. முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற ஆள். சிரித்து யாரும் பார்த்ததில்லை. அவரை இந்த நாற்காலியில் உட்காரவைக்க மேலிடத்தோடு நான் மல்லுக்கட்டியதை நினைத்தால் இப்போதும் எனக்கு மார்பு நிமிரும்.

ஒரு நாள் காலை டி.என்.ஏ. ஆய்வகக் கதவில் என் அட்டையை வைத்தேன். சிவப்பு விளக்கு எரிந்தது. கைக்குட்டையால் துடைத்து மறுபடி வைத்தேன். மறுபடி சிவப்பு. கண்ணாடி வழியாக உள்ளே இருந்த பரிசோதகர் என்னைப் பார்த்தாள். சின்ன வயதுப் பெண், நான் தேர்ந்தெடுத்து வேலைக்கு எடுத்த பெண். என்னைப் பார்த்ததும் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். பூட்டு ரிப்பேர் செய்கிறவனை வாங்கு வாங்கென்று வாங்கலாம் என்று நான் போனை எடுத்தபோது பூதக்கண்ணாடி பின்னால் வந்து நின்றார்.

"பூட்டு நல்லாத்தான் இருக்கு மேடம். உங்களுக்குத்தான் அனுமதி இல்ல."

"என்னது?"

"ஒரு கேஸ்லேருந்து நீங்க விலகி இருக்கணும். எது, ஏன்னு நான் சொல்ல மாட்டேன். நீங்க கேக்கவும் கூடாது."

எடுத்த போனை உள்ளே வைத்துக்கொண்டேன். அவர் பேசியது என் வாக்கியம், எழுத்து மாறாமல்.

அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு யோசித்தேன். அந்த ஆய்வகத்தில் அப்போது அவசர வழக்கு ஒன்றுதான் இருந்தது. மருந்துக்கடையைக் கொள்ளையடிக்க வந்தவன் காவலாளியை இரும்புக் கம்பியால் மண்டையில் அடித்துவிட்டு ஓடியிருந்தான். காவலாளி இன்னும் கண் திறக்கவில்லை. கம்பியின் பிடியில் ஒரு துணி சுற்றியிருந்தது. முந்தின வாரம் மேற்பார்வைக்குப் போனபோது நானே மேசையருகே நின்று, மாதிரி எங்கே எங்கே எடுக்க வேண்டும் என்று அந்தப் பெண்ணுக்குக் காட்டினேன்.

துணியில் விழுந்தது என் டி.என்.ஏ. என்றால் பிரச்சினையே இல்லை. பட்டியலில் நான் இருக்கிறேன். 'மேலாளரின் கவனக்குறைவு' என்று எழுதி, என்னை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேலையைப் பார்த்திருப்பார்கள். இப்படி வெளியே நிறுத்தியிருக்கிறார்கள் என்றால் அது நான் இல்லை. ஆனால் என்னைத் தொடுகிற ஒருவர். தாயிடமிருந்து பிள்ளைக்குச் சரிபாதி போகும். துணியில் இருப்பவரின் பாதி என்னோடு பொருந்துகிறது.

எனக்கு இருப்பது ஒரே மகன்.

அவன் மேடை நிகழ்ச்சிகளுக்கு விளக்கு அமைக்கிறவன். வேளைகெட்ட வேளையில் வீட்டுக்கு வருவான். மருந்துக்கடையில் அடிதடி நடந்த மறுநாள் காலையில் வலது கையில் கட்டோடு வந்தான். "லைட்டு கம்பி கிழிச்சிடுச்சும்மா" என்றான். நானும் மருந்து போட்டுவிட்டு மறந்துவிட்டேன். இப்போது அந்தக் கட்டு என் கண்ணுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொண்டது.

அன்று சாயங்காலம் எல்லோரும் சேர்ந்து சாப்பிட்டோம். அவனுக்கு ஜலதோஷம். வழக்கம்போல மூக்கைச் சட்டைக் கையில் இழுத்துத் துடைத்தான்.

"கைக்குட்டைன்னு ஒண்ணு கண்டுபிடிச்சு ரொம்ப நாளாச்சுடா" என்றேன்.

"உங்கம்மா திட்டிட்டா, அப்ப உயிரோடதான் இருக்கா" என்றார் என் கணவர். "வந்ததுலேருந்து பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருந்தா."

மகன் சிரித்தான். 'நீயாடா?' என்ற ஒரு சொல் என் நாக்கு நுனியில் நின்றது. கேட்டால் அவன் உஷாராகிவிடுவான். குற்றம் செய்தவனாக இருந்தால், ஓடு என்று நானே கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அங்கே ஒருவன் மண்டை உடைந்து கிடக்கிறான், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் அந்தச் சொல்லோடு எழுந்து கை கழுவினேன்.

அடுத்த நாட்களில் என் வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. விஷப் பிரிவுக்குப் புது இயந்திரம் கேட்டு மேலிடத்தோடு சண்டை போட்டேன். குண்டுப் பிரிவில் தேங்கிக் கிடந்த பொட்டலங்களைப் பங்குபோட்டுக் கொடுத்தேன். கள்ளக் கையெழுத்துப் பிரிவின் தலைவி என் அறைக்கு வந்து, "மேடம், நான் வேணா சும்மா எட்டிப் பாத்துட்டு வந்து சொல்லவா?" என்று கிசுகிசுத்தாள். என் மேல் உயிரையே வைத்திருப்பவள். ஒரு கணம், ஒரே ஒரு கணம், சரி என்று சொல்லிவிடத் துடித்தேன். "பாத்தீன்னா உன் கார்டையும் நிறுத்தச் சொல்லுவேன். போய் வேலையைப் பாரு" என்று கத்தி அனுப்பினேன்.

வழக்கை விசாரிக்கும் இன்ஸ்பெக்டர் போன் செய்தார். "மேடம், மருந்துக்கடை ரிப்போர்ட்ட கொஞ்சம் சீக்கிரம் தட்டிவிடுங்க."

"அது என்கிட்ட இல்ல. தர அதிகாரிகிட்ட கேளுங்க."

"அவர்கிட்டயா? அதுக்கு நான் சுவத்துல போய் முட்டிக்கலாம்."

"முட்டிக்கோங்க சார். நல்ல சுவரு அது."

அதே இன்ஸ்பெக்டர் ஒரு காலையில் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகத்தில் ஈயாடவில்லை. "மேடம், மன்னிச்சிடுங்க. தம்பிய கொஞ்சம் விசாரிக்கணும். சாம்பிளும் எடுக்கணும்."

என் கணவருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் என் பக்கம் திரும்பினார். "பாத்துட்டு நிக்கிற? உன் ஆபீஸுக்கு ஒரு போன் போடு!"

"போட மாட்டேன்."

"பெத்த புள்ளடி!"

"தெரியுங்க."

மகன் பல் தேய்த்த வாயோடு நின்றான். "அம்மா, என்னம்மா இது?" என்றான். ஐந்து வயதில் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டு வந்தபோது பார்த்தானே, அதே பார்வை.

"போயிட்டு வா. உள்ளத உள்ளபடி சொல்லு. கேக்கிறத குடு" என்றேன். அவனை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். என் கணவர் உள்ளே போய் அறைக் கதவை அடித்துச் சாத்தினார். நான் தலை வாரிக்கொண்டு அலுவலகம் போனேன். வேறு எங்கே போவது? அன்றைக்கு நடந்த கூட்டத்தில் யார் என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் மத்தியானம் பூதக்கண்ணாடி என்னைக் கூட்ட அறைக்குக் கூப்பிட்டார். டி.என்.ஏ. ஆய்வகத்துப் பெண்ணும் இருந்தாள். திரையில் ஒரு புகைப்படம். கம்பியிலிருந்து பிரித்த துணி, அதன் மேல் நீண்டு சுட்டிக்காட்டும் ஒரு கை. கையுறை இருக்கிறது, வெள்ளை மேலங்கி இருக்கிறது. மேலங்கிக்கும் கையுறைக்கும் நடுவே சாம்பல் நிறக் கம்பளி எட்டிப் பார்க்கிறது.

"இது யார் கை மேடம்?"

"என் கை."

"ஸ்வெட்டர்?"

மாதிரி எடுக்கும் அறையில் குளிர் எலும்பைத் துளைக்கும். அன்று காலை அவசரத்தில் நாற்காலியில் கிடந்ததை எடுத்து மாட்டிக்கொண்டு வந்திருந்தேன். "என் பையனோடது" என்றேன்.

அந்தப் பெண் தயங்கினாள். பிறகு நேராகப் பார்த்துக் கேட்டாள். "கையில மூக்க துடைப்பாரா மேடம்?"

"பொறந்ததுலேருந்து."

பூதக்கண்ணாடி எண்ணெய் போட்ட இயந்திரம் மாதிரிப் பேசிக்கொண்டு போனார். துணியின் வெளி மடிப்பில், அந்தக் கம்பளிக் கை உரசிய இடத்தில் மட்டும்தான் என் மகன் இருந்தான். உள் மடிப்புகளை, எனக்குச் சம்பந்தமே இல்லாத வெளி ஆய்வகம் ஒன்றுக்கு அனுப்பிப் பார்த்திருந்தார்கள். அங்கே என் மகனின் சுவடே இல்லை. இருந்தது வேறு ஒரு ஆள், பழைய கொள்ளைக்காரன், போலீஸ் அவனை விடிகாலையிலேயே அமுக்கிவிட்டது. அடிதடி நடந்த ராத்திரி என் மகன் மேடையில் ஏணி மேல் நின்றதற்கும், கம்பி கையைக் கிழித்ததற்கும் அங்கிருந்த கூட்டமே சாட்சி. காவலாளியும் கண் திறந்துவிட்டானாம்.

"நான் கொஞ்சம் உக்காரலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன்.

"இன்னும் முடியல" என்றார் அவர். "கோர்ட்டுக்கு எழுதறேன். ரெண்டு தரப்புக்கும் காப்பி போகும். தடயத்த கெடுத்தது நீங்கன்னு பேர் போட்டுத்தான் எழுதுவேன். மறுபடி பயிற்சி முடிக்கிற வரைக்கும் மாதிரி எடுக்கிற அறைக்குள்ள நீங்க நுழையக் கூடாது."

"பயிற்சி யார் குடுப்பாங்க?"

"இவங்க."

அந்தப் பெண்ணுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஆனால் சமாளித்துக்கொண்டாள். "திங்கக்கிழமை காலையில வாங்க மேடம். முழுக்கை போடாம வாங்க."

எனக்கு மானம் போயிற்று, இல்லை என்று சொல்லவில்லை. ஊர் பூராவும் விதி போதித்துவிட்டு மகனின் மூக்குச்சளியைத் தடயத்தில் தேய்த்த மேலாளர் என்று ஆளாளுக்குச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். ஆனால் அந்த மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குப் பெருமை தாங்கவில்லை. இவளுடைய பதவி உயர்வில் கையெழுத்துப் போடுகிறவள் நான். என்னோடு பாதி பொருந்துவதைக் கண்டவுடன் இவள் என்னிடம் ஓடி வரவில்லை, கண்டும் காணாமல் இருக்கவுமில்லை, நேரே அவரிடம் போனாள். என்னால் இந்த நாற்காலிக்கு வந்தவர் அவர். என் மூஞ்சிக்கு நேரே கதவைச் சாத்தினார். வாழ்நாளில் நான் உருப்படியாக ஒன்று செய்திருக்கிறேன் என்றால் இந்த இரண்டு பேரையும் இந்த இடத்தில் வைத்ததுதான்.

பெருமையோடு வீட்டுக்குப் போகிற வழியில்தான் பயம் பிடித்துக்கொண்டது. அவனிடம் என்ன சொல்வது?

கணவர் அறையை விட்டு வரவில்லை. ஸ்டேஷனிலிருந்து திரும்பியிருந்த மகன் சாப்பாட்டு மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தான்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?" என்றான்.

"சந்தேகம் இருந்துச்சு."

"தெரிஞ்சுகிட்டே என்கூட உக்காந்து சாப்பிட்டியா?"

"ஆமா."

"நான் பண்ணியிருக்க மாட்டேன்னு உனக்குத் தோணலையா?"

பொய் சொல்லியிருக்கலாம். எந்தத் தாயும் சொல்லியிருப்பாள். "தோணணும்னுதான் பாத்தேன். முடியலடா. உன் கைக்கட்டு வந்து வந்து நின்னுச்சு."

அவன் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். எழுந்து போய்விடுவான், இனி இந்த வீட்டில் இரண்டு பேர் என்னோடு பேச மாட்டார்கள் என்று நினைத்தேன்.

"உன் லேப்ல வாயில பஞ்ச விட்டு எடுத்தாங்களே, அந்த அக்கா" என்று ஆரம்பித்தான். "அவங்ககிட்ட கெஞ்சினேம்மா. எங்கம்மாதான் உங்க மேலதிகாரி, ஒரே ஒரு தடவ கூப்பிடுங்கன்னு. அதுக்கு அவங்க, 'உங்கம்மாவுக்கே இந்தக் கதவு திறக்காது தம்பி, வாய நல்லாத் திறங்க'ன்னுட்டாங்க."

"கோவம் வந்துச்சா?"

"அதுவரைக்கும் கை காலெல்லாம் உதறிக்கிட்டே இருந்துச்சு. எதையாவது எழுதி உள்ள தள்ளிடுவாங்கன்னு பயம். உனக்கே திறக்காதுன்னா, வேற எவனும் பூந்து எதையும் மாத்த முடியாதுல்ல? அப்படித் தோணிச்சு. அப்பதாம்மா உதறல் நின்னுச்சு."

நான் அழுதேன். அலுவலகத்தில் ஒருவரும் பார்த்திராத அழுகை. பெருமையில்தான் அழுதேன், அவனுக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட கையால் என் தோளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, அப்பாவைச் சாப்பிடக் கூப்பிட எழுந்து போனான்.