முழுத்துணிக் கோட்டு

கொஞ்சம் கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. குளிர்ந்தால் போர்வையை இழுத்து விட்டுக்கொள்ளுங்கள். ஒரு டெய்லர் கதை சொல்லப்போகிறேன். கசக்கும். கசந்தாலும் வயிற்றுக்குக் கெடுதல் செய்யாது.

அந்த டெய்லர் கெட்ட மனுஷன் இல்லை. போகப்போக நீங்கள் அவரைத் திட்டுவீர்கள் என்பதால் இதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன். குடிக்கமாட்டார், கை நீட்டமாட்டார். தெருவைப் பார்த்த அறை கடை, அதற்குப் பின்னால் வீடு, நடுவில் ஒரு திரை. திரைக்கு இந்தப் பக்கம் அவர் வெட்டித் தைப்பார். அந்தப் பக்கம் அவர் மனைவி காஜா எடுப்பாள், பொத்தான் வைப்பாள். ஆள் நடந்து வருகிற தினுசைப் பார்த்தே தோள் அகலம் சொல்லிவிடுவார் அவர். துணியை வீணாக்காத கை என்று பெயர் வாங்கியவர். வெட்டியது போக மிஞ்சிய துண்டை, "நீங்களே வெச்சுக்கோங்க" என்று வாடிக்கைக்காரர்கள் விட்டுப் போவார்கள். அவற்றையெல்லாம் ஒட்டுப்போட்டு மனைவிக்குச் சட்டை தைத்துவிடுவார்.

"என்னைப் பார்த்தாலே போதும், இந்தத் தெருவுல யார் யார் என்ன தைச்சாங்கன்னு தெரிஞ்சுடும்," என்று அவள் சிரிப்பாள். அவரும் கூடச் சேர்ந்து சிரிப்பார்.

அவளுக்கு இருமல் வந்தது. "துணித் தூசிதான். மூக்கை மூடிக் கட்டிக்கோ," என்றார். ஒரு பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை தலைக்கு மேல் கிடந்தது. இருமல் நாளுக்கு நாள் ஏறியது. ஒரு மத்தியானம் திரைக்கு அந்தப் பக்கம் சத்தமே இல்லை. அப்பாடா, நின்றுவிட்டது என்று நிம்மதியாக மிஷினை மிதித்தார். கொஞ்ச நேரம் கழித்து, காஜா எடுக்க வேண்டிய சட்டை ஒன்றைத் திரைக்கு அடியில் நீட்டினார். நீட்டின கை நீட்டினபடியே இருந்தது. யாரும் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தபோது அவள் உதடு நீலம் பாய்ந்து கிடந்தது. இரண்டு நுரையீரலிலும் சளி கட்டிவிட்டது என்றார்கள். டாக்டர், "சட்டையை வெட்டுங்க, நேரமில்ல," என்று கத்தினார். பக்கத்தில் ஒரு நர்ஸ் இருந்தாள். ஒட்டகச்சிவிங்கி மாதிரி உயரம். அந்த ஆஸ்பத்திரியில் எல்லாருக்கும் அவள் நெட்டை நர்ஸ்தான். கத்தரியை எடுத்த கையாலேயே அதைக் கீழே வைத்தாள்.

"பொத்தான்தான் டாக்டர், இதோ," என்றாள். கத்தரியைவிட வேகமாக அவள் விரல் ஓடியது. அந்த அவசரத்திலும் மயங்கிக் கிடந்தவளின் காதருகே குனிந்து, "அக்கா, தொடட்டுமா?" என்று கேட்டாள். கழற்றின சட்டையை மடித்து ஒரு பையில் போட்டு டெய்லரிடம் நீட்டினாள்.

"பத்திரமா வைங்கண்ணே. வீட்டுக்குப் போறப்ப போட்டுக்கணும்ல?"

அன்றைக்கு அவள் வீட்டுக்குப் போவாள் என்று நினைத்த ஆள் அந்தக் கட்டிடத்திலேயே நெட்டை ஒருத்திதான். அந்த ஒரு வார்த்தைக்காகவே டெய்லர் அவளைக் கும்பிட்டார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பையைத் திறந்தார். கடையில் மஞ்சள் பல்பு. ஆஸ்பத்திரி விளக்கோ எதையும் மறைக்காத வெள்ளை. அந்த வெளிச்சத்தில் மடியில் கிடந்தது அவர் கைவேலை. முதுகு ஒரு டீச்சரம்மா, காலர் ஒரு கல்யாணப் பெண், ஒரு கை ஒரு நீலம், மறு கை வேறொரு நீலம், அக்குளில் ஜன்னல் திரை. இவ்வளவையும் அந்த நர்ஸ் பார்த்திருப்பாளே என்று உடம்பு கூசியது. கண்ணுகளா, கவனித்துக்கொள்ளுங்கள்: பெண்டாட்டியை இப்படி உடுத்தவைத்தோமே என்று அவருக்குத் தோன்றவில்லை. என் தொழில் இவ்வளவுதான் என்று அந்தப் பெண் நினைத்துவிடுவாளே, அதுதான் உறுத்தியது.

நெட்டை அவளைக் கவனித்துக்கொண்ட விதத்தை என்னவென்று சொல்ல! ஒவ்வொரு தடவையும் தொடுமுன் கேட்டாள். ஊசிக்கு முன் கேட்டாள், புரட்டிப் படுக்க வைக்குமுன் கேட்டாள்.

"மயக்கத்துல கிடக்கிறவகிட்ட எதுக்கு சிஸ்டர் கேக்கறீங்க?" என்றார் டெய்லர்.

"எனக்கென்ன தெரியும்ணே, காது முழிச்சிருந்தா?" என்றாள்.

ஒருநாள் மனைவி கண் திறந்தாள். மூச்சுக்கு வைத்த குழாயை எடுத்தார்கள், வார்டுக்கு மாற்றினார்கள். எழுந்து உட்கார்ந்து பக்கத்துக் கட்டில் பெரியம்மாவோடு வம்பளக்கும் அளவுக்குத் தேறினாள். டெய்லருக்கு நன்றி நெஞ்சில் முட்டியது. நெட்டை அந்தக் குளிரூட்டிய வார்டில் கையைத் தேய்த்துக்கொண்டே நடப்பதை அவர் பார்த்து வைத்திருந்தார். கடையிலேயே உயர்ந்த கருநீலத் துணியை எடுத்தார். ஒட்டில்லாத முழுத்துணி. உள்ளே பட்டு லைனிங். பள்ளிக்கூடச் சீருடைகளை ஒதுக்கிப் போட்டுவிட்டு ஒரு கோட்டு தைத்தார்.

வீட்டுக்கு அனுப்புவதற்கு முதல் நாள் மனைவியிடம், "ஒண்ணு தைச்சிக்கிட்டிருக்கேன். நாளைக்குப் பாரு, அசந்துபோவ," என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று தோன்றவுமில்லை.

மறுநாள் அவர் பார்சலோடு நுழைந்தபோது அவள் தலை வாரி, நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். முகம் கழுவியிருந்தாள்.

"வந்துட்டாரு உன் டெய்லரு," என்றாள் பெரியம்மா. "காலையிலேர்ந்து வாசலையே பார்த்துக்கிட்டிருக்கா. அளவே கேக்கலியேன்னு வேற கவலை. ஆயுசு பூரா பார்த்த மனுஷனுக்கு அளவு எதுக்குடின்னேன்!"

டெய்லர் காதில் அது விழுந்ததோ என்னமோ. அப்போதுதான் நெட்டை மருந்து வண்டியோடு வந்தாள். அவர் கட்டிலைத் தாண்டிப் போய்ப் பார்சலைப் பிரித்து அவள் முன் விரித்தார்.

"சிஸ்டர், உங்களுக்குத்தான். என் வீட்டு விளக்கைத் திருப்பிக் குடுத்தீங்க. என் கையால செய்ய முடிஞ்சது இது."

நெட்டை லைனிங்கைத் தடவிப் பார்த்தாள். முகம் மலர்ந்தது, உடனே சுருங்கியது. அவள் பார்வை அவர் தோளுக்குப் பின்னால் கட்டிலுக்குப் போய் வந்தது.

"அழகா இருக்குண்ணே. ஆனா நாங்க எதுவும் வாங்கக் கூடாது. வேலை போயிடும். நீங்க சொன்னதே போதும்," என்றாள். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

டெய்லர் கோட்டோடு நின்றார். பிறகு திரும்பி, "இந்தா, அப்ப நீ போட்டுக்கோ. வெளியில குளிருது," என்றார்.

அவள் கோட்டைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"இதுவும் ஒருத்தங்க வேணாம்னு விட்டதுதானா?"

பெரியம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

"இது முழுத்துணி புள்ள. ஒட்டே இல்ல. தையலைப் பாரு."

"பார்த்தேன். இடது தோளை ஒரு பொட்டு இறக்கி வெட்டியிருக்கீங்க. அந்தப் பொண்ணுக்கு அந்தத் தோள் இறக்கம். வந்து போற நேரத்துல அதைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. என் தோள்ல எது இறக்கம், சொல்லுங்க."

அவர் வாயைத் திறந்தார். ஊருக்கெல்லாம் தோள் சொல்கிற வாய். ஒன்றும் வரவில்லை.

"அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்," என்றாள் அவள். "பெத்தவ பார்த்த மாதிரி பார்த்தா. அவளுக்கு நீங்க தைச்சது நியாயம். அதை எனக்கு நீட்டாதீங்க. என் சட்டையைக் குடுங்க."

"அந்த ஒட்டுத்துணியையா?"

"அது துண்டுதான். ஆனாலும் எனக்குன்னு ஒட்டினது."

போட்டுக்கொண்டாள். உடம்பு பாதியாகியிருந்தது; சட்டை கொக்கியில் மாட்டினது போல் தொங்கியது. பொத்தான் துளையில் நுழையாமல் வழுக்கியது. அவையெல்லாம் அவளே வைத்த பொத்தான்கள். உதவலாம் என்று அவர் கையை நீட்டினார்.

"அவ கேட்டுட்டுத் தொடுவா," என்றாள்.

அவர் கையை இழுத்துக்கொண்டார். கடைசிப் பொத்தான் வரைக்கும் அவளே போட்டாள். அவர் பார்த்துக்கொண்டு நின்றார்.

கோட்டு இப்போது கடையில் தொங்குகிறது. விலை கேட்கிறவர்களிடம் விற்பனைக்கில்லை என்கிறார். யார் தோளிலும் அது சரியாக உட்காராது என்பது வேறு விஷயம். அவள் பழையபடி திரைக்கு அந்தப் பக்கம் காஜா எடுக்கிறாள். யாரையும் திட்டுவதில்லை. தெருவைப் பற்றின அந்தப் பழைய வேடிக்கையையும் சொல்வதில்லை. மாதா மாதம் ஆஸ்பத்திரிக்குப் போய் நெட்டையின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டு வருகிறாள், தனியாகத்தான் போகிறாள்.

ஒருநாள் டெய்லர் புதுத்துணி ஒன்றை மேஜைமேல் வைத்து, அளவு டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு திரைக்கு வெளியே நின்றார். திரையை விலக்கவில்லை.

"அளவு எடுக்கட்டுமா?"

உள்ளே பல்லால் நூலைக் கடிக்கிற சத்தம் கேட்டது.

"கேக்கத் தெரிஞ்சுக்கிட்டீங்க, சந்தோஷம்," என்றாள். "இன்னிக்கு வேணாம்."

அவர் டேப்பைச் சுருட்டி வைத்தார். மறுநாளும் கேட்டார். அன்றைக்கும் வேண்டாம் என்றாள். துணி இன்னும் வெட்டாமல்தான் கிடக்கிறது.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒருவர் இருமினால் இன்னொருவர் எழுந்து போய்ப் பார்க்கட்டும். உங்கள் முழுத்துணியில் முதல் சட்டை வீட்டு ஆளுக்கே அமையட்டும். நன்றி சொல்ல ஆஸ்பத்திரி வரைக்கும் போகிற நிலை வராமல், அடுப்படியிலேயே சொல்லி முடிக்கிற வாய் உங்கள் எல்லாருக்கும் வாய்க்கட்டும்.