தொண்ணூற்றைந்து காட்டிய விரல்

காலை பத்தே கால். அவசரப் பிரிவில் யார் முதலில், யார் பிறகு என்று பிரித்து அனுப்புகிற மேஜையில் இருந்த சிஸ்டருக்கு, முகத்தைப் பார்த்தே நோயைச் சொல்லிவிடுவேன் என்று ஒரு கர்வம். பதினாறு வருஷ சர்வீஸ் கொடுத்த கர்வம்.

கட்டட வேலைச் சித்தாள் ஒருத்தி தன் புருஷனைத் தோளில் தாங்கிக்கொண்டு வந்தாள். எல்லை தாண்டிப் பிழைக்க வந்த இனம்; இரண்டு பேரும் அட்டைக் கறுப்பு. மூன்று நாளாய்க் காய்ச்சலும் இருமலும், நேற்றிலிருந்து மூச்சு இழுக்கிறது என்றாள். சிஸ்டர் அவன் விரலில், ரத்தத்தில் ஆக்ஸிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்ஸிமீட்டரை மாட்டி, "தொண்ணூத்தஞ்சு" என்று உரக்கப் படித்தாள்.

அந்த இனத்துக்கு இரும்பு உடம்பு, லீவுச் சீட்டு வாங்கத்தான் இருமிக்கொண்டு வருவார்கள் என்பது அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். அவனைச் சுவரோர பெஞ்சுக்கு அனுப்பினாள்.

அடுத்து வந்த சிவந்த பெண்மணிக்கும் இருமல்தான். அவளுக்கும் சிஸ்டர் உரக்கப் படித்தது அதே தொண்ணூற்றைந்துதான். ஆனால் அவளுக்கு நாற்காலி, தண்ணீர், "வாங்கம்மா", நேரே டாக்டர் அறை.

இருபது நிமிஷம் கழித்துச் சித்தாள் மேஜைக்கு வந்தாள்.

"சிஸ்டர், அவரு மேல சாம்பல் பூத்திருக்கு. வந்து பாருங்க."

"கறுப்புல என்னம்மா சாம்பல்? மெஷின் நல்லாத்தானே காட்டுது. போய் உக்காரு."

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"உங்களுக்கு எங்க கறுப்பு எல்லாம் ஒண்ணுதான். அவரு கறுப்புல எத்தனை கறுப்பு இருக்குன்னு எனக்குத் தெரியும் சிஸ்டர். இது அவரு நிறம் இல்ல."

சிஸ்டர் பேனாவை நிறுத்தவில்லை.

பெஞ்சிலிருந்து விட்டு விட்டு வந்துகொண்டிருந்த இழுப்புச் சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த அமைதிதான் சிஸ்டரை எழுப்பியது. ஓடினாள். பெஞ்சுக்குத் திரும்பியிருந்த சித்தாள் புருஷனின் கீழுதட்டை மடித்துக் காட்டினாள். உள்ளே மை கொட்டியது போல நீலம்.

ஸ்ட்ரெச்சர் பறந்தது. மணிக்கட்டுத் தமனியில் எடுத்த ரத்தம் உண்மையைச் சொன்னது: எழுபத்தெட்டு. தொண்டையில் குழாய் இறங்கியது. பிழைப்பானா என்று சிஸ்டர் கேட்டதற்கு, அரை மணி முன்னால் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன் என்றார் டாக்டர். கறுத்த தோலில் இந்த மெஷின் சில சமயம் கூட்டிக் காட்டும் என்று சேர்த்துச் சொன்னார்.

அதைப் பிடித்துக்கொண்டு அவள் தப்பித்திருக்கலாம். ஆனால் கண்ணாடிக் கதவுக்கு வெளியே சித்தாள் நின்றிருந்தாள். அழவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தம்மாவுக்கும் தொண்ணூத்தஞ்சுதானே சிஸ்டர்?"

சிஸ்டர் கதவைத் தாண்டி அவள் முன்னால் வந்து நின்றாள்.

"ஆமாங்க. மெஷின் தப்பா காட்டுச்சு, அது நிஜம். ஆனா அதே நம்பரப் பாத்து அவங்கள நோயாளின்னும், உங்க வீட்டுக்காரர நடிக்கிறாருன்னும் முடிவு பண்ணினது நான். நிறத்தப் பாத்து வரிசை போட்டா அது வைத்தியம் இல்லீங்க. கத்தி எடுக்காத கொலை."