அமிலம் படாத நண்டு

"நண்டோட நைட்ரஜன் முடிவு மொத்தத்தையும் தூக்கிப் போடுங்க சார். மறுபடி அளக்கணும்."

சாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், 'மறுபடி' என்று மட்டும் கேட்காதே. இந்த ஆய்வகத்தில் நான் சேர்ந்த அன்றே எல்லோரும் சொன்ன புத்தி அது. கேட்டுவிட்டேன்.

சார் கண்ணாடியைக் கழற்றினார். "சுடுதண்ணி, கட்டுரை அனுப்புற நேரத்துல என்னம்மா இது?" ஆய்வகத்தில் என் பெயர் அதுதான்.

"ஓட்டுச் சுண்ணாம்பு போகணும்னு நண்டுத் தூளை அமிலத்துல போட்டோம். கார்பனை அளக்க அது சரி. அதே தூள்ல நைட்ரஜனையும் அளந்தோமே, அதான் தப்பு. அமிலமும் அலசின தண்ணியும் சேர்ந்து அதைக் கலைச்சிடுச்சு."

கடலில் யார் யாரைத் தின்கிறார்கள் என்பதை நைட்ரஜனின் கனமான வகைதான் காட்டிக்கொடுக்கும். இரையைவிடத் தின்பவரின் உடம்பில் அது கூடுதலாக இருக்கும். எங்கள் கணக்கிலோ, சேற்றைக் கிளறி வயிறு வளர்க்கும் நண்டு மீன் வேட்டையாடும் பெரிய மனுஷனாகிவிட்டது. சாருக்கு ஏகக் குஷி. கட்டுரையின் தலைப்பே அதுதான்.

"எதை வச்சு இவ்வளவு உறுதியாச் சொல்ற?"

ஃப்ரீசரில் மிச்சமிருந்த சில நண்டுகளை அமிலத்தைக் காட்டாமல் உலர்த்திப் பொடித்து அளந்திருந்தேன். அதைத் திரையில் காட்டினேன். அங்கே நண்டு நண்டாகவே இருந்தது.

"மெஷின்ல உனக்கு யாரு முறை கொடுத்தது?"

"அக்கா கொடுத்தாங்க."

கூடப் பிறந்த அக்கா இல்லை, எனக்கு முன்னால் சேர்ந்த ஆய்வு மாணவி. மாதக்கணக்கில் காத்திருந்து கிடைத்த தன் முறையை, "என் மீன் எங்கயும் நீந்திப் போயிடாது, நீ போட்டுக்கோடி" என்று தூக்கிக் கொடுத்தவள். நேரில் நன்றி சொன்னால் அடிக்க வருவாள். இங்கே எழுதிவிடுகிறேன், அடிக்கட்டும்.

சார் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரியாவே இருக்கட்டும். புதுசா நண்டு பிடிச்சு எல்லாத்தையும் அளந்தா உன் பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போகும். வீட்ல தாங்குவாங்களா?"

எங்கள் வீடு எதைத் தாங்கும் என்று கணக்குப் போட எல்லோருக்கும் ஆசை. அம்மாவிடம் காலையிலேயே போனில் பேசிவிட்டேன். மருத்துவமனைத் துணிகளை வெளுக்கும் கூடத்தில் நின்றுகொண்டு, இரைச்சலுக்கு மேல் கத்தினாள்: "ஒரு வருஷம்தானே? ஆகட்டும். கேக்கிறவங்ககிட்ட எம்பொண்ணு நண்டு புடிக்கப் போயிருக்கான்னு சொல்லிக்கிறேன். தெரிஞ்சே தப்பா எழுதிட்டு மட்டும் வந்து நிக்காத."

"தாங்குவாங்க சார். பழைய முடிவோடதான் அனுப்புவீங்கன்னா என் பேரை எடுத்துடுங்க."

"பிடிவாதம்டா சாமி."

"என் மார்க்கைப் பாத்துட்டு யாருமே சேத்துக்கல. நீங்க சேத்துக்கிட்டீங்க. செத்தாலும் மறக்க மாட்டேன் சார். அதான் வேற யார்கிட்டயும் போகாம முதல்ல உங்ககிட்டயே வந்தேன்." திட்டுவது போலத்தான் சொன்னேன். எனக்கு நன்றியும் அந்தக் குரலில்தான் வருகிறது, என்ன செய்ய?

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் எழுந்துவிட்டேன். அவர் சரி என்றாலும் இல்லை என்றாலும், அடுத்துக் கடலுக்குப் போகும் படகில் எனக்கு ஓர் இடம் கேட்டாக வேண்டும். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு நடந்தேன்.